பினாயில் வாடை அடிக்கும் விஸ்கி: பாட்டில் கெட்டுப்போச்சா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் லஃப்ராய்க் என்ற ஸ்காட்ச் விஸ்கியின் 10 வருட பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் போட்டுத் துடைத்த வாடை. சோடா ஊற்றியும் அடங்கவில்லை, ஐஸ் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. இது போலியா, கெட்டுப்போனதா, இல்லை எனக்குத்தான் குடிக்கத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த வாடைக்காகவா ஆட்கள் இவ்வளவு காசு கொடுக்கிறார்கள், அதில் அப்படி என்ன கண்டார்கள்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். போலிச் சந்தேகத்துக்கும் நடுவில் வருகிறேன்.

எடின்பரோ ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் வடிப்புத் தொழில்நுட்பம் படித்தவன் நான். பிறகு ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் முகர்வுக் குழுவில் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு மோந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பைகள், மேலே ஒரு எண், வேறெதுவும் கிடையாது. பெரும்பாலும் வாயில்கூட வைக்க மாட்டோம். ஊரில் அம்மாவிடம் ‘லேப்ல வேலை’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

குழுவில் சேர்ந்த முதல் வாரம் ஒரு கோப்பையை மோந்ததும் எனக்கும் உங்களுக்கு வந்ததுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கட்டுத்துணி, இருமல் மருந்து, கப்பல் கயிறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. சின்ன வயதில் கிணற்றடியில் கிடந்த பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பும், பள்ளிக் கழிப்பறையில் ஊற்றும் கறுப்புப் பினாயிலும்தான் நினைவுக்கு வந்தன. தயங்கித் தயங்கி அதையே எழுதினேன். குழுத் தலைவி அந்தச் சோப்பில் என்ன இருக்கும் என்று கேட்டார். கார்பாலிக் என்றேன். அப்படியானால் இங்கே உன் மூக்குதான் சரியான மூக்கு என்றார்.

அது உபசாரப் பேச்சு இல்லை. கறுப்புப் பினாயில் நிலக்கரித் தார் எண்ணெயிலிருந்து வருவது. அதன் வாடைக்குக் காரணம் கிரெசால் முதலான ஃபீனால் வகைப் பொருள்கள். பீட் புகை ஏற்றிய விஸ்கியிலும் இருப்பது அதே குடும்பம்தான்: ஃபீனால், கிரெசால், சைலினால், குவாயகால். கார்பாலிக் அமிலம் என்பதே ஃபீனாலின் பழைய பெயர். 1865-ல் ஜோசப் லிஸ்டர் காயங்களில் சீழ் பிடிக்காமல் இருக்க முதன்முதலில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திப் பார்த்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில். உங்கள் பாட்டில் வந்த ஐலா தீவு அதே கிளாஸ்கோவுக்கு மேற்கே கடலுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றாலே இந்த வாடை என்று உலகம் முழுக்கப் பதிந்துபோனது அதற்குப் பிறகுதான். ஆக, நீங்கள் குறையாகச் சொன்னது ருசிக் குறிப்பாகவே நூற்றுக்கு நூறு சரி. வேதியியலும் உங்கள் பக்கம்.

அது எப்படி உள்ளே போகிறது? பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் ஹீதர் புதரும் கோரையும் செத்து, காற்றுப் படாமல் பாதி மட்கி, அடுக்கடுக்காகப் படிந்த மண். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சேர ஒரு வருடம் ஆகும். மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்தால் எரியும். மரம் குறைவான ஐலா தீவில் ஒரு காலத்தில் வீட்டு அடுப்புக்கும் அதுதான் விறகு. பார்லியை ஊறவைத்து, நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுகிற மாதிரி முளைகட்டி, அந்த முளை மேலே வளராமல் நிறுத்தச் சூடுகாட்டி உலர்த்துவார்கள். அந்தச் சூட்டோடு பீட் புகையையும் விட்டால், ஈரமாக இருக்கிற உமி புகையைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தானியத்தில் அந்த அளவுக்கு ஏறாது. அதனால்தான் தீ எரியக் கூடாது, புகைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஐலாவில் ஒரு பழைய சூளைக்குள் நின்றிருக்கிறேன். கீழே பீட் கங்கு, மேலே துளையிட்ட தளத்தில் முழங்கால் அளவுக்கு வெதுவெதுப்பான பார்லி. ஒரு பிடி அள்ளி மென்றேன். முதலில் இனிப்பு, அப்புறம் புகை. பல்லிடுக்கில் அந்தப் புகை சாயங்காலம் வரை இருந்தது. போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டரை மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை.

இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். பிறகு அந்த மால்ட்டை அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, செம்பு வாலையில் இரண்டு தடவை வடிக்கிறார்கள். சித்த மருந்துக்காரர்கள் தீநீர் இறக்குகிற வாலைதான், அளவுதான் பெரிது. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதை ஒதுக்கி, நடுவில் வருவதை எடுத்து, கடைசியில் வருவதையும் ஒதுக்குவார்கள். புகைப் பொருள்கள் பிந்தித்தான் இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில் ஒரு ஆலையின் குணம் பாதி அடங்கியிருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் லகாவூலினும் கூல் ஈலாவும். இரண்டும் ஐலாவில், இரண்டும் டியாஜியோ என்ற மது நிறுவனத்துடையவை, இரண்டுக்கும் புகையேற்றிய மால்ட் வருவது அதே போர்ட் எல்லன் மால்ட் ஆலையிலிருந்து. குடித்தால் ஒன்று கெட்டியாக, கருப்பட்டி பூசிய கரி போல இருக்கும். இன்னொன்று மெலிந்து, எலுமிச்சைத் தோலைத் தணலில் காட்டியது போல இருக்கும். வாலையின் வடிவமும் வடிக்கும் வேகமும் நிறுத்தும் இடமும்தான் இவ்வளவு வித்தியாசம் செய்கின்றன.

கடைக்காரர்கள் ‘இது இத்தனை பிபிஎம்’ என்று ஒரு எண்ணைச் சொல்லி விற்பார்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதுதான் பிபிஎம். அது மால்ட்டில் இருக்கும் ஃபீனால் அளவு, பாட்டிலில் இருப்பது இல்லை. லஃப்ராய்க் மால்ட் ஏறக்குறைய 40 முதல் 45, ஆர்ட்பெக் 55 வாக்கில், ஸ்கை தீவின் டாலிஸ்கர் 20 பக்கம். ப்ருக்லாடி ஆலையின் ஆக்டோமோர் வரிசையில் 300-ஐத் தாண்டிய மால்ட்டும் உண்டு. இதில் பாதிக்கு மேல் சக்கையோடும் வடிப்பில் ஒதுக்கியதோடும் போய்விடும். மிஞ்சியதும் மரப்பீப்பாயில் வருடம் போகப்போகக் குறையும். அதனால் ஒரே ஆலையில் 25 வருடச் சரக்கைவிட 10 வருடச் சரக்கில்தான் புகை முரட்டுத்தனமாக இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குவது மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டின் காரத்தைப் பார்த்துக் குழம்பை மதிப்பிடுகிற கதை.

இதுவரை சொன்னதை உறுதியாகச் சொல்வேன். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் மற்றதில் பாதியை நான் அவ்வளவு நம்புவதில்லை. கடல் உப்பு பீப்பாய்க்குள் இறங்கி ருசி தருகிறது என்பார்கள். உப்பு வாலையில் ஏறாது. கூல் ஈலா சரக்கில் பெரும்பகுதி டேங்கரில் பெருநிலத்துக்குப் போய் அங்கேதான் முதிர்கிறது, அதிலும் ஆட்கள் கடலை மோக்கிறார்கள். உப்பு மாதிரி ஒரு உணர்வு நாக்கில் வருவது உண்மை, எனக்கும் வருகிறது. அதற்குக் கடற்காற்றைக் காரணம் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பீட் நிலத்தில் ஓடிப் பழுப்பேறிய தண்ணீர்தான் புகை வாசத்துக்குக் காரணம் என்பதும் அப்படியே. புகை, எரித்தால்தான் வரும். ஐலா பீட்டுக்கும் ஆர்க்னித் தீவின் ஹீதர் மிகுந்த பீட்டுக்கும் புகையின் சேர்மானம் வேறு என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த விஷயம். ஆனால் பத்து வருடம் கழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு கோப்பையில் அதைப் பிரித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும் என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை. நான் தோற்றதுதான் அதிகம்.

இப்போது போலிச் சந்தேகம். உங்கள் பாட்டிலை நான் மோக்கவில்லை. மோந்தாலும் ஒரு பாட்டில் அசல் என்று சத்தியம் செய்ய மூக்கு மட்டும் போதாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். காலிப் பாட்டிலில் மலிவுச் சரக்கை ஊற்றி விற்பவன் பினாயில் வாடைக்காக மெனக்கெட மாட்டான். அப்படிப்பட்ட பாட்டிலில் கேரமலும் சாராயக் காட்டமும்தான் இருக்கும். இந்த வாடை இருப்பதே அசலுக்குச் சாதகமான சாட்சி. இன்னொன்று: உங்களுடையது சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் மால்ட் பார்லியிலிருந்து மட்டும் வடித்தது. ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை 2012 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது சட்டம். கலப்பு ஸ்காட்சை மொத்தமாகக் கொண்டுவந்து இந்தியாவில் அடைக்கலாம், சிங்கிள் மால்ட்டை அப்படிச் செய்ய முடியாது. லேபிளில் வேறு நாட்டில் அடைத்ததாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. சீல் உடைந்திருந்தாலோ, பாட்டில் எங்கே வாங்கியது என்பதில் மச்சான் மழுப்பினாலோ குடிக்க வேண்டாம். மெத்தனால் என்ற விஷச் சாராயம் மூக்குக்கும் நாக்குக்கும் தனியாகப் பிடிபடாது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். கெட்டுப்போனதா என்றால், 40 சதவீத ஆல்கஹாலில் எதுவும் கெடாது.

சரி, ருசி பார்ப்பது. சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். ரசமும் ஊறுகாயும் போன வாயில் பாதி தெரியாது. வீட்டில் தாளிப்பு, சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் இல்லாத நேரம் பாருங்கள். அகலமான டம்ளரை விடுங்கள். அடி பருத்து வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கோப்பை எதுவானாலும் சரி. அதைப் பாத்திரம் கழுவும் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, மோந்து பார்த்து, வாசம் இல்லை என்று தெரிந்த பிறகு 20 மில்லி ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் குடிப்பதுதான் நடக்கும், ருசி பார்ப்பது நடக்காது. கோப்பையைச் சுழற்ற வேண்டாம், சுழற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மேலே வந்து மூக்கைக் குத்தும். தாடைக்கு நேரே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக மூக்குப் பக்கம் கொண்டுவாருங்கள்.

முதல் மூச்சில் பினாயில்தான். எழுதி வைத்துவிட்டுக் கோப்பையைக் கீழே வையுங்கள். உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை மோந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், நாங்கள் எல்லோரும் செய்வதுதான். சொந்த வாசனை மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி மோந்தால் பினாயில் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். போனது விஸ்கியிலிருந்து இல்லை, உங்கள் மூளையில்தான் அது பழகிப்போய் ஒதுங்குகிறது. நான்கைந்து தடவை இப்படிச் செய்தால் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது தெரியத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தெரிவது வெனிலா, கூடவே கிராம்பு மாதிரி ஒரு சுரீர். இந்தச் சரக்கு அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் கிடந்தது, வெனிலா அந்த மரத்திலிருந்து வருவது. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. வெனிலாவின் வெனிலின், கிராம்பின் யூஜெனால், புகையின் குவாயகால், மூன்றும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் கட்டிய மூலக்கூறுகள். வெனிலினும் யூஜெனாலும் குவாயகாலோடு ஒரு வால் சேர்ந்தவை, அவ்வளவுதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பாயசமும் விறகடுப்பும் ஒரே கோப்பையில் சண்டையில்லாமல் இருப்பது எனக்கு ஆச்சரியமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

வாயில் முதல் துளி நாக்கைப் பழக்க மட்டும். அதில் எதையும் தேடாதீர்கள், எரியத்தான் செய்யும். இரண்டாவது மிடறை நாக்கு முழுக்கப் படரவிட்டுப் பத்து எண்ணுங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். புகை உண்மையில் அப்போதுதான் வரும், பின்வாசல் வழியாக. வார்த்தைகளை வெள்ளைக்காரன் குறிப்பேட்டிலிருந்து எடுக்காதீர்கள். பாட்டியின் விறகடுப்பில் புகையேறிய பால், நனைந்த தார் ரோடு, மழைநாளில் கருவாட்டுக் கூடை, டிஞ்சர் தடவிய பஞ்சு, ஆறிப்போன கற்பூரத் தட்டு என்று எது வந்தாலும் எழுதுங்கள். கருவாடு என்று எழுதியதற்காக எங்கள் குழுவில் யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. இரண்டாம் முறை வேறு நாளில் பெயர் தெரியாமல் கொடுத்தபோதும் அதையே எழுதினேனா என்றுதான் பார்த்தார்கள்.

அடுத்தது தண்ணீர், உங்கள் சோடாக் கேள்விக்கும் இதுதான் பதில். சோடாவின் குமிழிகள் உடையும்போது வாசத்தைத் தூக்கி மூக்குக்கு எறியும், அதனால்தான் அடங்கவில்லை. ஐஸ் எதிர்ப்பக்கம்: குளிர்ந்தால் வாசம் கிளம்பாது, அதோடு இனிப்பும் செத்துப்போகும். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒவ்வொரு தடவையும் மோந்து பாருங்கள். தொழிலில் நாங்கள் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்துதான் மோப்போம். 40 சதவீதச் சரக்கு 20 மில்லிக்கு 20 மில்லி தண்ணீர். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 45 சதவீதமும் அதற்குக் கீழும் குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் நிற்கிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. நான் கோப்பையில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆனால் அவர்கள் கணக்கில் இருந்தவை தண்ணீர், ஆல்கஹால், குவாயகால் மூன்று மட்டுமே. கோப்பையில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன, அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். குளோரினும் ஃபீனாலும் சேர்ந்தால் குளோரோஃபீனால். துளியூண்டு இருந்தாலே ஆஸ்பத்திரி வார்டே எழுந்து வந்துவிடும். பீர் காய்ச்சுபவர்கள் தண்ணீரில் குளோரின் இருந்தால் பதறுவது இதனால்தான். நீங்கள் அப்படித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் வாடையில் கொஞ்சம் உங்கள் ஊர்த் தொட்டியின் கைங்கர்யமாகவும் இருக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் போதும்.

இவ்வளவும் செய்து பிடிக்காமல் போனால்? போகட்டும். ஃபீனால் வாடையை மூக்கு உணரும் அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறுகிறது. மற்றவர்கள் லேசான புகை என்கிற இடத்தில் உங்களுக்கு நிஜமாகவே மூச்சு முட்டலாம், அது ரசனைக் குறைவு கிடையாது. எங்கள் குழுவிலேயே ஒருவர் பதினைந்து வருடமாகப் புகைச் சரக்குகளைத் துல்லியமாகத் தரம் பிரிப்பவர், வீட்டில் ஒரு துளி வைத்திருக்க மாட்டார். பாட்டிலை நிமிர்த்தி வெயில் படாமல் வையுங்கள், படுக்கவைத்தால் தக்கை அரித்துப்போகும். பாதி காலியான பிறகு மாதங்கள் போகப்போக அந்த முரட்டு வாடை கொஞ்சம் தணியும். சிலருக்கு அந்த நிலையில்தான் பிடிக்கத் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். ருசி பார்த்து முடித்த கோப்பையைக் கழுவாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஆல்கஹால் ராத்திரியிலேயே பறந்துவிடும், கனமான புகைப் பொருள்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் காபிக்கு முன்னால் அதை மோந்து பாருங்கள். பினாயில் போய், தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் சாம்பல் வாசம் மட்டும் இருக்கும். அது பிடித்துவிட்டால் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது நீங்கள் உபசரிப்பதாகச் சொல்லி அவருக்கே ஊற்றிவிடுங்கள்.